கண்ணாடித் தொட்டியும் நெல் வயலும்

வழக்கமாக ஜூன் முதல் தேதி முல்லைப் பெரியாறு தண்ணீரைத் திறந்துவிட்டால், லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் முதல்போக நெல்லுக்கு நாற்றங்கால் வேலை சூடுபிடித்துவிடும். அந்த நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் தலைகாட்டினால் விவசாயி உரக்கடைக்குப் போவார். "இலையெல்லாம் நுனியிலருந்து காஞ்சுகிட்டு வருதுண்ணே" என்பார். கடைக்காரர் ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து வைப்பார். ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூள் அது.

இதே பள்ளத்தாக்கில், கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். கோமாளி மீனுக்குத் துணையாக ஒரு கடல் சாமந்தியை வாங்கி விடுகிறார். வந்து சில நாளில் அது சுருங்கி, வாய் பிளந்து, பாறையில் ஒட்டாமல் உருண்டு கிடக்கிறது. அவர் போவது உரக்கடைக்கு இல்லை, மனிதர்களுக்கான மருந்துக்கடைக்கு. வாங்குவது சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை. வீட்டில் கடல் சாமந்தி வளர்ப்போர் உலகெங்கும் கையாளும் சிகிச்சை இது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தாத வேலையாகத் தோன்றலாம். ஒன்று வயிற்றுப்பாடு, மற்றொன்று ஆசைக்கு வளர்ப்பது. ஆனால் இரண்டிலும் மனிதருக்கான மருந்து மனிதர் அல்லாத உயிருக்குப் போகிறது, கொடுப்பவர் மருத்துவர் இல்லை, மருந்து தண்ணீர் வழியாகவே நோயாளியைச் சேர்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு ஊசியாகப் போட்ட மருந்து. 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் அதைப் பிரித்தெடுத்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து 1948-இல் வெளிவந்தபோது அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். சிப்ரோஃப்ளாக்சசினோ சிறுநீர்த் தொற்று முதல் டைபாய்டு வரை இன்றும் எழுதிக் கொடுக்கப்படுவது. மூன்றும் நம் வீட்டு நோயாளிகளுக்கு இன்னும் தேவைப்படுபவை. அதனால்தான் வயலிலும் தொட்டியிலும் அவை எப்படிச் செலவாகின்றன என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நோய் உள்ளே நுழையும் இடத்திலிருந்து தொடங்கலாம். நெல்லில் இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனஸ் பாக்டீரியா இலையோரத்து நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் புகும். தேனிப் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கும் அளவுக்கு அடிக்கும் காற்று. அந்தக் காற்றில் இலையோடு இலை உரசினால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், மழை கூடவே வந்தால் பாக்டீரியா வயல் முழுக்கத் தெறிக்கும். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் பழக்கமும் அதற்கு வாசல் திறந்து வைக்கிறது. அதனால்தான் நுனி கிள்ளாதீர்கள் என்று வேளாண் அலுவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கடல் சாமந்திக்கும் காயமே வாசல். அது பூப்போல இருந்தாலும் விலங்கு, பவளத்தின் உறவு. அடியில் தட்டையான பாதம், மேலே நூற்றுக்கணக்கான விரல்கள், நடுவே ஒரே ஒரு வாய். உண்பதும் கழிப்பதும் அந்த வாய் வழியாகத்தான். உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் உணவு தயாரித்து அதற்குப் பங்கு கொடுக்கின்றன. பாதத்தால் பாறையை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் அதைக் கடலில் பெயர்த்தெடுக்கும்போது பாதம் கிழிந்தால் அங்கேதான் தொற்று பிடிக்கும். பிறகு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரோடு ஊர் ஊராகப் பயணம். கழிவும் அம்மோனியாவும் சேர்ந்த நீரில் கிடந்து ஊர் வந்து சேரும்போது அது பாதி நோயாளி. ஹெட்டராக்டிஸ் மக்னிஃபிகா, ஸ்டைக்கோடாக்டைலா ஜைஜான்டியா ஆகிய இரண்டு பெரிய இனங்களும் இந்தப் பயணத்தைத் தாங்குவதில் மிகவும் பலவீனமானவை. வளர்ப்போர் சிகிச்சை பற்றிப் பேசினால் பெரும்பாலும் இவற்றைத்தான் பேசுகிறார்கள்.

நோயைக் கண்டறிவதில்தான் வயல் தொட்டியை வெகுதூரம் முந்தி நிற்கிறது. இலைக்கருகலா, வேறு காய்ச்சலா என்று சந்தேகம் வந்தால் விவசாயியிடம் ஒரு எளிய சோதனை உண்டு. கருகும் இலையில் பச்சையும் பழுப்பும் சந்திக்கும் இடத்தில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் மூழ்கும்படி நிறுத்த வேண்டும். சில நிமிடம் பொறுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற மெல்லிய இழை கீழே இறங்கும். இலைக்குள் அடைந்துகிடந்த பாக்டீரியாக் கூட்டம் அது. இழை வந்தால் நோய் பாக்டீரியாவால்தான். வராவிட்டால் பூஞ்சையோ சத்துக் குறையோ வேறெதுவோ. டம்ளரும் தண்ணீரும் போதும், ஐந்து பைசா செலவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் மருந்துப் பொட்டலத்தைப் பிரிப்பவர் பணத்தையும் மருந்தையும் ஒருசேர வீணாக்குகிறார்.

கடல் சாமந்தி வளர்ப்பவருக்கு அப்படி ஒரு டம்ளர் கிடையாது. அவர் பார்க்க முடிவதெல்லாம் வெளித்தோற்றம். வாய் தளர்ந்து பிளந்திருக்கிறதா, விரல்கள் ஒட்டும் தன்மையை இழந்துவிட்டனவா, பாதம் பற்றுகிறதா, ஒரே நாளில் பல தடவை ஊதிச் சுருங்குகிறதா, வாயிலிருந்து பழுப்பு இழை வெளிவருகிறதா என்று பார்க்கலாம். இவற்றில் பல அறிகுறிகள் தொற்று இல்லாமலும் வரும். நல்ல ஆரோக்கியமான சாமந்தியே கழிவை வெளியேற்ற அவ்வப்போது சுருங்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் மறுபடி விரியும். போதிய வெளிச்சம் இல்லாவிட்டால் பாசியை இழந்து வெளுக்கும். உப்பின் அளவு திடீரென மாறினால் சுருளும். கோடையில் கூடத்துத் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டினால் வாடும், அதற்கு 25, 26 டிகிரிதான் ஒத்துவரும். இந்த எதற்கும் சிப்ரோஃப்ளாக்சசினால் பயன் இல்லை. முதலில் வெப்பமானியையும் உப்பளவுக் கருவியையும் அம்மோனியாச் சோதனையையும் பார்த்துவிட்டு, அவையெல்லாம் சரியாக இருந்தும், புதிதாக வந்த சாமந்தி நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனால் மட்டும் தொற்று என்று ஊகிக்கலாம். அப்போதும் அது ஊகம்தான். வயல்காரர் நோயைக் கண்ணால் பார்த்துவிட்டு மருந்து கொடுக்க முடியும். தொட்டிக்காரரால் முடியாது.

ஆனால் மருந்து கொடுக்கும் முறைக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது.

நன்றாகச் செய்யப்படும் கடல் சாமந்தி சிகிச்சை மிகக் கட்டுப்பாடான ஒன்று. நோயாளியை முதன்மைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தனித் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். முதன்மைத் தொட்டியில் மருந்து விழுந்தால் அம்மோனியாவை மாற்றித்தரும் நல்ல பாக்டீரியாக்களும் பாதிக்கப்படும், அதோடு அந்தத் தொட்டியின் மற்ற உயிர்கள் எல்லாமே ஆட்டம் காணும். தனித் தொட்டியில் மணலும் இல்லை, வடிகட்டிப் பஞ்சும் இல்லை. சூடேற்றியும் காற்றுக் குழாயும் மட்டும். வளர்ப்போரிடையே பரவலாக வழங்கும் அளவு பத்து காலன், அதாவது சுமார் 38 லிட்டர் கடல்நீருக்கு 250 மில்லிகிராம் சிப்ரோஃப்ளாக்சசின். கட்டுப்பாட்டோடு நடந்த மருத்துவ ஆய்வில் நிறுவப்பட்ட அளவு இல்லை இது, கைப்பழக்கத்தில் பரவியது. மாத்திரையைப் பொடித்து நல்ல தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள். வெளிச்சத்தில் இந்த மருந்து சிதைந்துவிடும் என்பதால் மருந்துபோட்ட நேரத்தில் தொட்டியை இருட்டில் வைக்கிறார்கள். மறுநாள் பழைய நீர் முழுவதையும் எடுத்துவிட்டு, அதே வெப்பத்திலும் உப்பளவிலும் புதுநீர் நிரப்பி, புதிதாக மருந்து. இப்படி ஒரு வாரம்.

இந்த மருந்தைப் பாலோடு சாப்பிடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. பாலில் இருக்கும் கால்சியம் மருந்தைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைக் குறைத்துவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியமும் அதைப்போல மூன்று மடங்கு மெக்னீசியமும் இருக்கின்றன. அந்தக் கடலுக்குள்ளேதான் நாம் மாத்திரையைக் கரைக்கிறோம். உள்ளே போட்டதில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்று கண்ணால் அறிய வழியில்லை. நன்னீர் மீனுக்கு ஒத்துவந்த அளவை அப்படியே இங்கே கொண்டுவந்து போட்டால் கணக்குத் தப்பிவிடும்.

செலவுக் கணக்கும் பார்க்க வேண்டியதுதான். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 38 லிட்டர் கடல்நீர் தயாரிக்க சுமார் 1.3 கிலோ உப்புக் கலவை வேண்டும். ஏழு நாளுக்கு ஒன்பது கிலோவுக்கு மேல். கிழக்கே தூத்துக்குடிக் கடலும் எட்டாது, மேற்கே மலை தாண்டிக் கொச்சிக் கடலும் எட்டாது என்பதால் கம்பத்துக்காரர் ஒவ்வொரு சொட்டுக் கடலையும் சுத்திகரித்த தண்ணீரில் உப்பைக் கலந்துதான் செய்துகொள்ள வேண்டும். மாத்திரை சில ரூபாய்தான், தண்ணீர்தான் விலை. சிகிச்சையைப் பாதியில் நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இந்தத் தண்ணீர் மாற்றும் அலுப்பில்தான் நிறுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். பாதியில் நிறுத்தினால் பலவீனமான பாக்டீரியா செத்து, தாங்கக்கூடியது தங்கிவிடும்.

வயலுக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பரிந்துரையில் நெடுங்காலம் இருந்த அளவு ஹெக்டேருக்கு 300 கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் - டெட்ராசைக்ளின் கலவை, அதோடு 1.25 கிலோ காப்பர் ஆக்சிகுளோரைடு, தேவையானால் 15 நாள் கழித்து இன்னொரு தெளிப்பு. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரிலும் ஒரு தடவை இப்படித் தெளித்தால் ஏறக்குறைய 1,785 கிலோ மருந்துக் கலவை செலவாகும். எல்லா வயலுக்கும் யாரும் தெளிப்பதில்லை, நோய் எல்லா வயலிலும் வருவதும் இல்லை. அளவின் வித்தியாசத்தைக் காட்டத்தான் இந்தக் கணக்கு. ஒரு கடல் சாமந்திக்கு ஒரு வாரம் முழுக்கப் போகும் மருந்து 1.75 கிராம். இரண்டுக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எல்லை. தனித் தொட்டிக்கு நான்கு சுவர் உண்டு, தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. வயலுக்கு வரப்பு மட்டும்தான். மேல் மடைத் தண்ணீர் கீழ் மடைக்கு வடியும், கீழ் மடைத் தண்ணீர் வாய்க்காலுக்கு, வாய்க்கால் ஆற்றுக்கு. முல்லைப் பெரியாறு தேனிக்கு அருகே வைகையில் கலக்கிறது. 1959-இல் கட்டி முடிந்த வைகை அணையிலிருந்து மதுரைக்குக் குடிநீர் போகிறது. இலையில் படாமல் மண்ணில் விழுந்த மருந்து அங்குள்ள பாக்டீரியாக்களைப் பழக்குகிறது. பழகிய பாக்டீரியா தன் எதிர்ப்புச் சக்தியை அக்கம்பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் கடத்தும். கலிஃபோர்னியாவின் பேரிக்காய்த் தோட்டங்களில் நெருப்புக் கருகல் நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்து வந்தார்கள். 1971-இல் அங்கே அந்த மருந்துக்கு மசியாத பாக்டீரியா தலையெடுத்துவிட்டது.

தொட்டிக்காரர் இதைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடக் கூடாது. தினமும் மாற்றும் 38 லிட்டர் பழைய நீர் எங்கே போகிறது? பெரும்பாலும் சாக்கடைக்கு. ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் மருந்தாலைக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உலகமே அதிர்ந்த செய்தி அது. கடல் சாமந்தித் தொட்டியில் நாம் வேண்டுமென்றே வைத்திருக்கும் செறிவு லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம். அந்தக் கொடுமையான கழிவின் ஐந்தில் ஒரு பங்கு, நம் வீட்டு வாளியில். அளவு சிறியதுதான், செறிவு சிறியதில்லை. அதே சமயம், தொட்டிக்காரர் கையில் இருப்பதால் இதைச் சரிசெய்யவும் முடியும். அகலமான வெள்ளைத் தட்டில் ஊற்றித் தேனி வெயிலில் சில நாள் வைத்தால் மருந்தின் பெரும்பகுதி சிதையும். கரித்துகள் வடிகட்டியில் ஓடவிட்டால் கரி அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் செய்துவிட்டுப் பிறகு கொட்டலாம். செடிக்கு மட்டும் ஊற்றக் கூடாது, உப்பு செடியைக் கொன்றுவிடும். நெல் வயலை இப்படித் தட்டில் ஊற்றி வெயிலில் காய வைக்க யாராலும் முடியாது.

இங்கே செம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளத்தாக்கில் இரண்டு உலகமும் நேருக்கு நேர் மோதும் இடம் அதுதான். திராட்சையின் அடிச்சாம்பலுக்கும், மேலே மலையில் ஏலக்காய் அழுகலுக்கும் போர்டோ கலவை. நெல்லுக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு. விவசாயிக்குச் செம்பு நம்பகமான பழைய நண்பன். கடல் சாமந்திக்கு அதுவே விஷம், மிகச் சிறு அளவே போதும். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் கடையில் விற்கும் பல மருந்துகளில் செம்பு இருக்கிறது. மீனுக்கென்று வாங்கித் தொட்டியில் ஊற்றினால் சாமந்தி செத்துவிடும். செம்பு மருந்து தெளித்த கைத்தெளிப்பானையோ வாளியையோ கழுவிவிட்டுத் தொட்டித் தண்ணீருக்குப் பயன்படுத்தவே கூடாது. தோட்டமும் தொட்டியும் ஒரே வீட்டில் இருப்பவர்கள் வாளியைத் தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

சட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கலவைக்கு நாட்டில் அனுமதி இருந்தது எட்டுப் பயிர்களுக்கு மட்டும். நெல் அதில் ஒன்று, வாழையும் திராட்சையும் இல்லை. 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட வரைவு ஆணை, 2024 ஜனவரி 1 முதல் விவசாயத்தில் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் அடியோடு நிற்க வேண்டும் என்றது. கடற்கரை இறால் பண்ணைகளில் சிப்ரோஃப்ளாக்சசின் சார்ந்த குடும்பம் முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மருந்துக்கடையில் அது மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்து. குமுளி மலையேறினால் கேரளம். அங்கே 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். இறால் பண்ணைக்கு மறுக்கப்பட்ட மருந்தை அலங்காரத் தொட்டிக்கு எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு என்னிடம் சமாதானமான பதில் இல்லை. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டி எழுதி வாங்குவதுதான் நேர்மையான வழி. தேனி மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கடல் சாமந்தி அவர்களுக்கும் புதிதாக இருக்கலாம், ஆனாலும் கேட்பதில் தவறில்லை.

மாற்று வழிகளில் நெல் செல்வந்தன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பசுஞ்சாணம் கரைத்து, தெளிந்த நீரை வடிகட்டித் தெளிக்கலாம். ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு இருக்கிறது. யூரியாவை அள்ளிப் போடாமல் பிரித்துப் போடலாம், நோய் கண்ட வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் மடையை அடைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் சம்பா மசூரியில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து ஹைதராபாத் ஆய்வு நிறுவனங்கள் 2008-இல் மேம்படுத்திய சம்பா மசூரியை வெளியிட்டன. விதையிலேயே தடுப்பு வந்துவிட்டால் பொட்டலத்துக்கு என்ன வேலை?

கடல் சாமந்திக்கும் விதைக்கு நிகரான ஒன்று உண்டு. குமிழ்நுனிச் சாமந்தி என்று சொல்லும் எண்டக்மியா குவாட்ரிகலர் தொட்டியிலேயே தன்னை இரண்டாகப் பிளந்து பெருகும். அப்படித் தொட்டியில் பிறந்த கன்று கடலிலிருந்து பெயர்த்து வந்ததைவிடப் பல மடங்கு திடமானது, பயணமும் குறைவு, பாதமும் கிழிவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் பெயர்த்துக் கொண்டுவர அனுமதி கிடையாது. மண்டபத்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களையே தொட்டியில் பொரிக்க வைத்துவிட்டது. அப்படிப் பிறந்த மீன் சாமந்தி இல்லாமலும் தொட்டியில் நன்றாக வாழும்.

நல்ல தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஜான் டேலியல் 1828-இல் கடற்கரையில் எடுத்துவந்த ஒரு கடல் சாமந்தியைக் கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். அவர் காலத்துக்குப் பின்னும் கைமாறிக் கைமாறிக் கடல்நீரை மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டு, 1887-இல்தான் அது இறந்தது. பாட்டி என்றே அதற்குப் பெயர். ஆன்டிபயாட்டிக் என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. அது குளிர்கடல் இனம், வெப்பக்கடலின் மக்னிஃபிகாவைவிட எவ்வளவோ திடமானது என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் 59 ஆண்டு என்பது சாதாரணமில்லை.

என் தீர்ப்பு இதுதான். கட்டுப்பாட்டிலும் எல்லையிலும் தொட்டிச் சிகிச்சை வயல் தெளிப்பைவிட மேலானது. நோயறிவதிலும் மாற்று வழிகளிலும் வயல் மேலானது. மாற்று இத்தனை இருப்பதால் நெல்லுக்கு ஸ்ட்ரெப்டோமைசினை இனி விட்டுவிடலாம், சாண நீரும் நல்ல விதையும் போதும். கடலிலிருந்து வந்து சரிந்துகொண்டிருக்கும் பெரிய சாமந்தி ஒன்று கையில் இருக்கிறது, வெப்பம், உப்பு, அம்மோனியா எல்லாம் பார்த்தாகிவிட்டது, கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால், தனித் தொட்டியில் ஏழு நாளும் தவறாமல் கொடுங்கள், கழிவுநீரைக் கரியிலும் வெயிலிலும் போட்டுவிட்டுக் கொட்டுங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் தொட்டியில் பிறந்த குமிழ்நுனிச் சாமந்தியைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் கோமாளி மீனை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.